பொம்மை முயலும் ஓடிவரும் நாயும்
ஆடு தின்னும் கயோட்டியை ஏய்க்கும் அமெரிக்க முறை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கு மாநிலங்களில் செம்மறியாடு வளர்ப்போருக்குப் பெருந்தொல்லையாக இருந்து வரும் பிராணி கயோட்டி. பார்வைக்கு நம் ஊர்க் குள்ளநரியைப் போலவே இருக்கும். ஆனால் சற்றுப் பெரியது, ஊளையிடுவதிலும் கெட்டிக்காரன். நம் குள்ளநரி 8 முதல் 10 கிலோ எடை இருக்குமென்றால், மேற்கு அமெரிக்கக் கயோட்டி 10 முதல் 16 கிலோ வரை இருக்கும். நாய், ஓநாய், குள்ளநரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த ரோமம், நிமிர்ந்த பெரிய காது, ஓடும்போது தாழ்த்திப் பிடிக்கும் புசுபுசு வால் ஆகியவை இதன் அடையாளங்கள்.

முன்பு இப்பிராணி புல்வெளியிலும் பாலைவனத்திலும் மட்டுமே அதிகமாகக் காணப்பட்டது. ஆட்டு மாட்டுப் பண்ணைக்காரர்கள் ஓநாய்களைப் பெருமளவில் ஒழித்துக் கட்டியபின் கயோட்டிக்கு எதிரி இல்லாமற் போயிற்று. இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை, பசிபிக் கரை முதல் அட்லாண்டிக் கரை வரை பரவியிருக்கிறது. பெரிய நகரங்களின் நடுவிலும் வாழ்கிறது. எலி, முயல், வெட்டுக்கிளி, செத்த மாடு, காட்டுப்பழம் என்று எது கிடைத்தாலும் தின்னும். தர்ப்பூசணித் தோட்டத்தில் புகுந்து பழுத்த காயாகப் பார்த்துக் கடித்து வைக்கும். இத்தனையும் தின்று கொழுத்தாலும், குட்டி போட்டிருக்கும் பருவத்தில் ஆட்டுக்குட்டியின் மீது கண் வைத்துவிடுகிறது. அங்கேதான் வழக்கு.

அமெரிக்காவில் 1942-ஆம் ஆண்டு 5 கோடியே 60 லட்சம் செம்மறியாடுகள் இருந்தன. இன்று சுமார் 50 லட்சமே உள்ளன. செயற்கை நூல் வந்து கம்பளி விலை வீழ்ந்தது, மக்கள் ஆட்டிறைச்சியை விட்டு மாட்டிறைச்சிக்கும் கோழிக்கும் போனது, மேய்ப்பதற்கு ஆள் கிடைக்காதது ஆகிய பல காரணங்கள் இதற்குண்டு. எனினும் பண்ணையாளரைக் கேட்டால் பெரும்பாலும் முதலில் கயோட்டியின் பெயரைத்தான் சொல்வார்.

கொன்றது யார்?

அங்குள்ள அனுபவசாலிகள் துப்பாக்கியைத் தொடுமுன் செத்த ஆட்டைத்தான் சோதிக்கிறார்கள். இது நம் ஆடு வளர்ப்போரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

கயோட்டி வளர்ந்த ஆட்டைத் தாடைக்குக் கீழே தொண்டையில் கவ்வி, மூச்சு முட்டும் வரை விடாது. ஆகவே பல் பதிந்த குழிகள் தொண்டைப் பகுதியிலேயே இருக்கும். இளங்குட்டியாக இருந்தால் தலையிலோ முதுகிலோ கடி விழும். பிறகு விலாப் பக்கமாகக் கிழித்து உட்பகுதியைத் தின்னும். நாய் அப்படியல்ல. பின்தொடை, விலா, காது, வால் என்று அகப்பட்ட இடத்தில் எல்லாம் கடித்துக் குதறும். ஒரே இரவில் பல ஆடுகளைக் காயப்படுத்திவிட்டு, பெரும்பாலும் ஒன்றையும் தின்னாமல் போய்விடும். விளையாட்டாகத் துரத்துவதே அதன் நோக்கம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கடிபட்ட இடத்தில் தோலை உரித்துப் பார்ப்பார்கள். பல் பதிந்த இடத்தைச் சுற்றிலும் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கறுத்திருந்தால், ஆடு உயிரோடு இருக்கும்போதே கடிபட்டது என்று பொருள். இரத்தக்கட்டு இல்லாமல் சுத்தமாக இருந்தால், நோயினாலோ பிரசவக் கோளாறினாலோ குளிரினாலோ முன்பே இறந்துவிட்ட ஆட்டைப் பிறகு வந்து தின்றிருக்கிறது. பிறந்தவுடன் இறந்த குட்டியைத் தின்ற கயோட்டியின் மேல் கொலைப்பழி விழுவது அங்கே சர்வசாதாரணம். சோதனை செய்யாமல் வேட்டைக்குக் கிளம்பினால், திருடன் ஒருவன் இருக்க அடி வாங்குபவன் வேறொருவன் என்றாகும். உள்ளூர் நாய்தான் கொன்றிருக்கிறது என்றால் எத்தனை கயோட்டியைச் சுட்டாலும் மறுவாரமும் ஆடு சாகும்.

முயலின் அழுகுரல்

கயோட்டியைத் தேடிப்போய்ப் பார்ப்பது அரிது. அதன் மூக்கும் காதும் அத்தனை கூர்மை. ஆகவே அதை இருக்குமிடத்துக்கு வரவழைக்கும் முறையை அங்கே கையாள்கிறார்கள். பிடிபட்ட முயல் உயிர் போகும் நேரத்தில் வீறிட்டு அலறும். அந்த ஒலியை ஊதுகுழலால் எழுப்பினால், சுலபமான இரை கிடைத்தது என்று எண்ணிக் கயோட்டி வரும். டெக்சாஸ் மாநிலத்து மார்பில் ஃபால்ஸ் ஊரைச் சேர்ந்த பர்னம் சகோதரர்கள் 1950-களில் இத்தகைய ஊதுகுழல்களைத் தபால் மூலம் விற்று நாடெங்கும் பரப்பினார்கள். அதே மாநிலத்தின் வேக்கோ நகரத்து ஜானி ஸ்டூவர்ட் என்பவர் 1960-களில் உண்மையான பிராணிகளின் குரலைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றார். அதன்பின் கேசட் வந்தது. இப்போது சிறிய மின்னணுப் பெட்டியைத் தொலைவில் வைத்துவிட்டுக் கையிலுள்ள விசையால் இயக்குகிறார்கள்.

வேட்டைக்காரர் புதரைப் பின்னே வைத்து நிழலில் அமர்வார். இரண்டொரு நிமிடம் ஊதி, சற்று நிறுத்தி, மறுபடி ஊதுவார். பசித்த கயோட்டியானால் சில நிமிடங்களில் ஓடி வந்துவிடும். 20 நிமிடம் வரை வராவிட்டால் பெரும்பாலோர் எழுந்து வேறிடம் போய்விடுகிறார்கள். ஒரே இடத்தில் நாள்தோறும் ஊதுவது வீண். ஒருமுறை ஏமாந்து குண்டுக்குத் தப்பிய கயோட்டி அந்தக் குரலை மறக்காது. அடுத்த முறை கேட்டால் எதிர்த்திசையில் நடையைக் கட்டும்.

பொம்மை எதற்கு?

குரலுக்கு மயங்கி வரும் கயோட்டி நேராக வந்துவிடுவதில்லை. குரல் வந்த இடத்தை உற்று நோக்கும். அங்கே ஒன்றும் அசையவில்லை என்றால் சந்தேகப்படும். நின்று, சுற்றி வளைத்து, காற்று அடித்துச் செல்லும் பக்கமாகப் போய் மோப்பம் பிடிக்கும். அப்போது மனித வாடை பட்டால் அவ்வளவுதான். வந்த சுவடு தெரியாமல் மறைந்துவிடும். குரல் எழுப்பும் மனிதனே குரலுக்கு உரிய இடத்திலும் உட்கார்ந்திருப்பதால், கயோட்டியின் கண் முழுவதும் அவன் மேலேயே இருக்கும். துப்பாக்கியை உயர்த்தினாலே கண்டுகொள்ளும்.

இந்தக் குறையைப் போக்கவே ஏமாற்றுப் பொம்மை வந்தது. வேட்டைக்காரர் இருக்குமிடத்திலிருந்து 30, 40 தப்படி தள்ளி, கண்ணில் படும்படியான வெட்டவெளியில் சிறு பொம்மை ஒன்றை வைத்துவிடுவார். ரோமத்துணியாலான முயல் பொம்மையாக இருக்கலாம். மின்கலத்தால் துள்ளும் வால் போன்ற கருவியும் கடையில் விற்கிறது. விலையைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஒரு குச்சியை நட்டு, அதன் நுனியில் நூல் கட்டி, வான்கோழி இறகு ஒன்றைத் தொங்கவிட்டாலும் காற்றில் சுழன்று அதே வேலையைச் செய்யும் என்பது பழைய வேட்டைக்காரர்களின் அனுபவம். காற்றே இல்லாத நாளில்தான் மின்கலப் பொம்மைக்கு வேலை அதிகம்.

பொம்மை முயலைப் போல் அச்சாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அசைய வேண்டும், அதுதான் முக்கியம். அந்த அசைவைக் கண்டதும் கயோட்டியின் கவனம் மனிதனை விட்டு விலகிப் பொம்மையின் மேல் நிலைக்கிறது. சந்தேகம் தணிந்து சில விநாடி நின்று பார்க்கும், அல்லது வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு நேராகப் பாயும். வேட்டைக்காரருக்கு வேண்டியது அந்தச் சில விநாடிகளே. பொம்மையை உயரமான புல்லுக்குள் வைத்துவிட்டால் வைத்ததே வீண். தூரத்திலிருந்தே தெரியும் சிறு மேட்டில் வைப்பது நல்லது.

பொம்மை வைக்கும் திசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேட்டைக்காரர் வடக்குப் பார்த்து அமர்கிறார். பொம்மையையும் ஒலிப்பெட்டியையும் தமக்கு மேற்கே, அதாவது காற்று வரும் பக்கமாக வைக்கிறார். வடக்கிலிருந்து வரும் கயோட்டி பொம்மையை மோப்பம் பிடிக்க அதன் கிழக்குப் பக்கத்துக்கு வளைய வேண்டும். அப்படி வளையும்போது வேட்டைக்காரரின் எதிரே உள்ள வெட்டவெளியைக் கடந்தாக வேண்டும். மனித வாடை அவருக்கும் கிழக்கே போய்க்கொண்டிருப்பதால், அந்த வாடைக்குள் நுழையுமுன்பே அது கண்ணில் பட்டுவிடும். பொம்மையைத் தமக்குக் கிழக்கே வைத்தவர் என்ன ஆவார்? பொம்மையை நோக்கி மோப்பம் பிடிக்க வரும் கயோட்டி முதலில் அவர் வாடையைத்தான் பிடிக்கும். எவ்வளவு விலையுயர்ந்த பொம்மையாக இருந்தாலும் பயனில்லை.

முயல் பொம்மைக்குப் பதிலாகக் கயோட்டி உருவப் பொம்மையையே நிறுத்தும் வழக்கமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இணை சேரும் பருவம். அப்போது தன் எல்லைக்குள் அந்நியக் கயோட்டி நிற்பதைக் கண்டால் ஜோடியாக வாழும் கயோட்டிகள் விரட்ட வரும். ஆனால் வலுவில்லாத இளசுகள் பெரிய உருவத்தைக் கண்டு பயந்து திரும்பிவிடுவதும் உண்டு. ஆகவே பருவம் பார்த்துத்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். இதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தூரத்தில் வரும் வேறொரு வேட்டைக்காரர் பொம்மையை நிஜம் என்று நினைத்துச் சுட்டுவிடக்கூடும். எனவே பொம்மையின் நேர்கோட்டில் மனிதர் அமர்வதில்லை. தூக்கிச் செல்லும்போது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுத் துணியில் சுற்றிக்கொள்வார்கள்.

உயிருள்ள ஏய்ப்பு

பொம்மையைவிடத் திறமையானது பழக்கிய நாய். ஏப்ரல், மே மாதங்களில் கயோட்டி குட்டி போடுகிறது. கர்ப்ப காலம் நாயைப் போலவே சுமார் 63 நாள். ஓர் ஈற்றில் சாதாரணமாக ஐந்தாறு குட்டிகள் இருக்கும். பால் குடி குறையக் குறைய, பெற்றவை இரண்டும் இரையைத் தின்று வந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும். வாய்கள் பல, வயிறுகள் பல. ஆட்டுக்குட்டிகள் அதிகமாகக் காணாமற்போவதும் இந்தக் காலத்தில்தான்.

அரசாங்க வனவிலங்குத் தடுப்புப் பணியாளர்கள் அப்போது வளையின் பக்கம் போய்க் கயோட்டியைப் போல ஊளையிடுவார்கள். ஆண், பெண் இரண்டும் பதில் கொடுக்கும். உடனே நடுத்தர உருவமுள்ள நாயை முன்னே விடுவார்கள். குட்டிகளுக்கு ஆபத்து என்று கருதிக் கயோட்டிகள் நாயைத் துரத்தும். நாய் சண்டைக்கு நிற்காது. எஜமானனை நோக்கித் திரும்பி ஓடி வரும். கோபத்தில் பின்தொடரும் கயோட்டிகள் மனிதன் உட்கார்ந்திருப்பதையே கவனிக்காமல் பக்கத்தில் வந்துவிடும். இதற்கு ஏற்ற நாய் எளிதில் அமைவதில்லை. கோழையாக இருந்தால் முன்னே போகாது. முரடாக இருந்தால் திரும்பி வராமல் கடித்துப் புரளும். கூப்பிட்ட குரலுக்கு உடனே திரும்பும் நாய்தான் வேண்டும். கயோட்டியிடமிருந்து வெறிநோய் தொற்றக்கூடும் என்பதால் இந்த நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாகப் போடுகிறார்கள்.

சுட்டால் தொல்லை தீருமா?

பல தலைமுறைகளாகச் சுட்டும், பொறி வைத்தும், விஷம் வைத்தும் அமெரிக்கர்கள் கயோட்டியோடு போராடி வருகிறார்கள். கயோட்டி குறையவில்லை, பரப்புதான் கூடியிருக்கிறது. 1975-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கானலி, லாங்ஹர்ஸ்ட் ஆகிய இருவர் கணிப்பொறியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஆண்டுதோறும் நூற்றுக்கு 75 வீதம் கொன்று வந்தால்கூட, அடியோடு ஒழிக்க 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று விடை வந்தது. எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு இரை தாராளமாகிறது, இளவயதிலேயே ஈனுகின்றன, பிழைக்கும் குட்டிகளும் அதிகம். காலியான எல்லைக்குள் வெளியிலிருந்து வேறு ஜோடி குடியேறுகிறது. களையின் தலையை மட்டும் வெட்டிவிட்டால் பக்கக் கிளை வெடிப்பது போலத்தான்.

1983-இல் டில், நோல்டன் என்ற ஆராய்ச்சியாளர்கள் வேறொரு முடிவை வெளியிட்டார்கள். வளையிலுள்ள குட்டிகளை அகற்றியவுடன், பெற்றவை உயிரோடு இருந்தும் ஆட்டுச் சேதம் பெரிதும் குறைந்தது. 2001-இல் பிராம்லி, கேஸி என்ற இருவர் யூட்டா மாநிலத்தில் கயோட்டி ஜோடிகளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்து பார்த்தார்கள். குட்டியில்லாத ஜோடிகள் தம் எல்லையையும் விடவில்லை. ஆடும் குறைவாகவே கொன்றன. இதிலிருந்து தெரிவது ஒன்று. கயோட்டிகள் எல்லாம் ஆட்டுத் திருடர்கள் அல்ல. குட்டிக்கு இரை தேடும் சில ஜோடிகளே பெரும்பாலான சேதத்தைச் செய்கின்றன. ஆட்டை நாடாத ஒரு ஜோடி பண்ணையை ஒட்டிக் குடியிருந்தால் அது அந்நியக் கயோட்டியை உள்ளே விடாது. அதையும் சுட்டுத் தள்ளும் பண்ணையாளர் காவற்காரனைத் தாமே விரட்டியவர் ஆகிறார். பொம்மைக்கு மயங்கி வருவது அனுபவமில்லாத இளசுகளாக இருப்பதால், கொல்லப்படும் கயோட்டி ஆடு தின்றதுதானா என்ற கேள்வியும் எழாமலில்லை.

விஷத்தின் கதை இன்னும் மோசம். செத்த பிராணியின் உடலில் வைத்த விஷத்தைக் கழுகும் நாயும் தின்று மடிந்தன. 1972-இல் நிக்சன் ஜனாதிபதியாக இருந்தபோது மத்திய அரசு நிலங்களில் இத்தகைய விஷங்களுக்குத் தடை வந்தது. வேட்டைக்குப் பரிசு வைத்துப் போட்டி நடத்துவதும் வழக்கமாக இருந்தது. அதைத் தடை செய்த முதல் மாநிலம் கலிபோர்னியா, ஆண்டு 2014.

நம் நாட்டில் இது குற்றம்

ஏமாற்று மிருகத்தைக் காட்டி மிருகம் பிடிப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானைப் பிடிப்பதைச் சங்க நூல்களிலேயே காணலாம்; அப்படிக் கட்டி வைக்கும் மிருகத்துக்குப் ‘பார்வை’ என்று பெயர். கூண்டுக் கவுதாரியைக் கத்தவிட்டுக் காட்டுக் கவுதாரிக்குக் கண்ணி வைத்ததைப் பெரியவர்கள் பலர் கண்டிருப்பார்கள். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நிலைமை வேறு. சுடுவது மட்டுமன்று, பொறி வைப்பது, கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய யாவும் அச்சட்டப்படி வேட்டையே. 2022-இல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி குள்ளநரி முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. புலி, யானையோடு ஒரே அட்டவணை. ஆகவே மேலே சொன்ன அமெரிக்க முறையை நம் ஊர் நரியிடம் சோதித்துப் பார்க்க எண்ணுகிறவர் சிறைக்குப் போக நேரும். வயல் எலி, பெருச்சாளி, நண்டு ஆகியவற்றைத் தின்று நரி செய்யும் நன்மையையும் விவசாயிகள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காவலே கைகொடுக்கும்

அமெரிக்கப் பண்ணைகளிலும் இப்போது துப்பாக்கியோடு காவலுக்கும் இடம் கொடுக்கிறார்கள். 1970-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாம்ப்ஷயர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் தம்பதியர், ஐரோப்பா, துருக்கி நாடுகளின் காவல் நாய் இனங்களைக் கொண்டுவந்து பண்ணைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த நாய்க்கு வேட்டை தெரியாது. மந்தையைவிட்டு நகராமல் இருப்பதே அதன் தொழில். நாய்க்குட்டியைச் சுமார் இரண்டு மாத வயதிலேயே ஆட்டுப் பட்டிக்குள் விட்டு ஆடுகளோடு ஆடாக வளர்க்க வேண்டும். வீட்டு வாசலில் கொஞ்சி வளர்த்துப் பெரிதான பிறகு பட்டிக்கு அனுப்பினால், அது மனிதனைத் தேடி வீட்டுக்கே ஓடி வந்துவிடும். குட்டிப் பருவத்தில் விளையாட்டாக ஆட்டின் காதைக் கடித்தால் உடனே கண்டிக்க வேண்டும். ஒன்றிரண்டு ஆண்டு கழிந்துதான் முழுக் காவல் செய்யும். சிலர் கழுதையை ஆட்டோடு மேய விடுகிறார்கள். நாய்க்குலத்தைக் கண்டாலே உதைக்க வரும் அதன் குணம் இங்கே உதவுகிறது.

கிடை போடும் நம் கீதாரிகளுக்கு நாய்க்காவல் புதிதல்ல. வீட்டில் நாலைந்து வெள்ளாடு வைத்திருப்போர்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். பொழுது சாயுமுன் ஆட்டைப் பட்டியில் அடைக்க வேண்டும். சினையாட்டை ஈனும் நாள் நெருங்கும்போது மேய்ச்சலுக்குத் தனியே விடாமல் கொட்டகையில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டிச் சுவரின் அடியில் தோண்டி நுழைய இடமில்லாமல் கல் பதிப்பது நல்லது. நஞ்சுக்கொடியையும் செத்த குட்டியையும் வேலியோரம் எறிவது நாய்க்கும் நரிக்கும் விருந்து வைத்து அழைப்பதாகும். ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அப்படியும் ஆடு செத்துக் கிடந்தால், மேலே சொன்னபடி கடிவாய் தொண்டையிலா தொடையிலா என்று முதலில் பார்க்க வேண்டும். தொடையும் வாலும் குதறப்பட்டிருந்தால் நாய் மீது சந்தேகம் கொண்டு ஊராட்சியில் முறையிடலாம். தொண்டையில் கடி விழுந்து விலா கிழிக்கப்பட்டிருந்தால், உடலை அப்புறப்படுத்தாமல் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறை அலுவலகத்துக்கும் தகவல் கொடுக்க வேண்டும்.